ஒரு பந்தியும் ஏழு கோலும்

பந்து தடுக்கத் தெரியும் என்றுதான் என்னை மில்லில் சேர்த்தார்கள். பஞ்சைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. யுத்த வருஷங்கள். ராஜபாளையத்தில் மில் சங்கை வைத்து ஜனங்கள் நேரம் சொல்லப் பழகியிருந்தார்கள். தேவதானத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. அதை அண்ணன்மார் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். நான் அங்கே இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் ஹாக்கி கோலியாக நின்றவன் என்று யாரோ சொல்லி, மில் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் ஹாக்கி டீமில் பதினோரு பேரும் இப்படி வந்தவர்கள்தான். மூன்று மணி வரை ஏதாவது ஒரு டிபார்ட்மெண்டில் நிற்க வேண்டும், அதற்கு மேல் மைதானம். மற்றத் தொழிலாளிகள் எங்களை மட்டைக்காரனுக என்பார்கள். அதில் பொறாமை பாதி, இளக்காரம் பாதி.

என்னைப் போட்டது புளோ ரூமில். பஞ்சுப் பேலைப் பிரித்து மெஷினில் விட்டு அடிக்கிற இடம். மூக்குக்குள் தூசி, காதுக்குள் தூசி, தூக்குச் சட்டியைத் திறந்தால் சோற்றின் மேலும் தூசி. சாயங்காலம் காறித் துப்பினால் சளி நூல் நூலாக வரும். பின்னால் நான் செய்த காரியத்துக்கு ரொம்ப நாள் இந்தத் தூசியைத்தான் காரணம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எனக்கு முன்னால் ரைட் பேக்காக நின்றவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். நாற்பதைத் தாண்டியவர். பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்து, வடக்கே கன்டோன்மெண்ட் மைதானங்களில் ஆடிவிட்டு வந்தவர். மில் கேட்டில் வாட்ச்மேன் வேலை. மில் லைன் குடியிருப்பில் ஒரு அறை. மனைவி, ஒரு பெண் பிள்ளை. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக் குடும்பத்தோடு கோவிலுக்குப் போவார். அவருடைய தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்துவிட்ட குடும்பம். ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் என்ன சாதி என்பது எங்கள் பத்துப் பேருக்கும் மனப்பாடம். மைதானத்துக்குள் அவர் அண்ணாச்சி. கேட்டைத் தாண்டினால் 'அந்த ஆளு'. மைதானத்து ஓரத்தில் ஒரு பானையும் ஒரு டம்ளரும் இருக்கும். அவர் அந்த டம்ளரைத் தொட்டதில்லை. பட்டாளத்துத் தண்ணீர்ப் புட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். அதிலிருந்து குடிப்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாதபடி அவரே பார்த்துக்கொள்கிறாரே என்று எங்களுக்கு நிம்மதி.

அவர் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள். வேகமாக ஓடமாட்டார். மட்டையைத் தூக்கி ஓங்கி அடிக்கமாட்டார். எதிராளி ஃபார்வர்டு பாய்ந்து வரும்போது இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து நிற்பார், அவ்வளவுதான். வந்தவனுக்குப் போக வழியிருக்காது. மூலையைப் பார்த்து ஒதுங்கி, பந்தைத் தானே வெளியே விட்டுவிடுவான். அப்புறம் பேச்சு. ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து முடிகிறவரை அவர் வாய் மூடாது.

“எடதுல ஆளு வாரான்லே... விடு, விடு, அவன் அடிக்கமாட்டான். ஏலே, நீ முன்னால போ, பின்னால நான் இருக்கேன். கோலி, நீ நில்லு. நான் சொல்லாம வெளிய வராத.”

நான் நல்ல கோலி என்று அப்போது பெயர் எடுத்திருந்தேன். ஒரு வருஷத்தில் மொத்தமே ஒன்பதோ பத்தோ கோல்தான் வாங்கினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். என் பக்கம் பந்தே வரவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் சாப்பாடு ஒரு சங்கடம். யாராவது பெரிய மனுஷர் வீட்டில் பந்தி போடுவார்கள். பந்திக்குக் கூப்பிடுகிற நேரம் பார்த்து அண்ணாச்சி, “எனக்கு இங்க ஒரு சொந்தக்காரவிய வீடு இருக்கு, செத்த நேரத்துல வந்துருதேன்” என்பார். எல்லா ஊரிலும் அவருக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள். ஒரு தடவை அவர் ரயிலடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வறுகடலை தின்பதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பி வந்தேன்.

அந்த வருஷம் மேனேஜரின் மச்சினன் வந்து சேர்ந்தான். மதுரையில் காலேஜில் ஆடியவன். பேக் இடம்தான் வேண்டும் என்றான். அடிப்பான், பந்து கண்மாய்க் கரை தாண்டிப் போகும், பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள். ஆனால் அண்ணாச்சி இருக்கிறவரை அவனுக்கு வெளியேதான் இடம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்களோடு வந்து, பெஞ்சியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஷீல்டு ஆட்டம். உள்ளூர் டீம் பள்ளிக்கூட வாத்தியார்களும் கோர்ட்டுக் குமாஸ்தாக்களும் சேர்ந்து ஆடுவது. காலையில் ஆட்டம், மத்தியானம் எங்கள் முதலாளிக்கு வேண்டிய ஒரு நவதானிய வியாபாரி வீட்டில் சாப்பாடு. நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடிய இரண்டே நிமிஷம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அவர்கள் சென்டர் ஹாஃப் ஓங்கி அடித்தான். பந்து எழும்பி வந்தது. நான் வலது பக்கம் சாய்ந்துவிட்டேன். பந்து இடது பக்கம் வந்தது. அண்ணாச்சி குறுக்கே விழுந்தார். முழங்கால் சில்லில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பச்சைத் தேங்காயைக் கல்லில் தட்டுவது போன்ற சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பந்து வெளியே போயிற்று. ஷீல்டு எங்களுக்கு.

அவரால் காலை ஊன்ற முடியவில்லை. நானும் லெஃப்ட் பேக்கும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் கை என் கழுத்தைச் சுற்றி இருந்தது. அவர் வேர்வை என் சட்டையில். தெருவில் போகிறவர்களிடம் நாங்கள், “இவரு இல்லன்னா இன்னைக்கு ஷீல்டு இல்ல” என்று சொல்லிக்கொண்டே போனோம். வியாபாரி வீட்டுக் கூடமான பட்டாசாலையில் இலை போட்டுச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவரை எங்கே உட்காரவைப்பது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. வரிசையின் கடைசி இலைக்கு முன்னால் இறக்கிவிட்டோம். அன்றைக்கு அவரும் சொந்தக்காரர் வீடு என்று சொல்லவில்லை. முகம் வெளிறியிருந்தது. நான் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைய ஆரம்பித்திருந்தோம். எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்த வியாபாரி, கடைசி இலைக்கு வந்ததும் நின்றார். மச்சினன் எழுந்து போய் அவர் காதில் ஏதோ சொன்னான். மில் ஆபீஸ் கிளார்க்தான் எங்கள் டீம் செக்ரட்டரி. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் ஷீல்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வியாபாரி அண்ணாச்சியைப் பார்த்து, “அங்கன மாட்டுக் கொட்டத்துப் பக்கம் நெழலாத்தான் இருக்கு. அங்க உக்காந்துக்கிடேன். எல எடுத்துட்டு வரச் சொல்லுதேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உபசாரம் செய்கிற குரலில்தான் சொன்னார்.

அண்ணாச்சி இலையைப் பார்த்தார். பிறகு வியாபாரியைப் பார்த்தார்.

“காலு ஏலாதுய்யா. சோறு வச்சாச்சு. சாப்ட்டுட்டு எந்திரிச்சுப் போயிருதேன்.”

முதலில் மச்சினன் கையை உதறினான். அப்புறம் ஃபார்வர்டுகள் ஐந்து பேரும் எழுந்தார்கள். ஹாஃப்கள். லெஃப்ட் பேக். நான் பத்தாவதாக எழுந்தேனா பதினொன்றாவதாகவா என்று பிற்பாடு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எண்ணி என்ன ஆகப்போகிறது. என் கையில் பிசைந்த சோறு ஒரு உருண்டை இருந்தது. அதை இலையில் போட்டுவிட்டு எழுந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் சாப்பிட்டார். அவசரப்படவில்லை. அத்தனை இலைகள் பாதியில் கிடக்க, ஈ மொய்க்க, கடைசி இலையில் அவர் ஒருவர் மட்டும் குழம்பு இல்லாத சோற்றைப் பருப்போடு தின்று முடித்தார். அதற்குமேல் பரிமாற யாரும் வரவில்லை. இலையை மடித்தார். கை கழுவத் தண்ணீர் விட ஆளில்லை. புட்டியிலிருந்த தண்ணீரை இலை மேலேயே விட்டுக் கழுவிக்கொண்டு, மட்டையை ஊன்றி எழுந்து, நொண்டி நொண்டி வெளியே போனார். எங்களில் ஒருவனும் தோள் கொடுக்கவில்லை.

இதற்கு மேல்தான் எனக்குச் சொல்லக் கூசுகிற இடம் வருகிறது. அவர் போனதும் அந்தப் பட்டாசாலையைச் சாணி போட்டு மெழுகினார்கள். ஈரம் காயுமுன்பே புது இலை போட்டார்கள். நாங்கள் மறுபடியும் உட்கார்ந்தோம். சாம்பார், ரசம், வடை, பாயசம் எல்லாம் சாப்பிட்டோம். பசி. நான் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினேன். சாணி ஈரம் வேட்டியில் ஒட்டியது. திரும்பி வரும்போது கரிவாயுவில் ஓடுகிற பஸ்ஸில் மச்சினன் பாடினான். நாங்கள் கூடச் சேர்ந்து பாடினோம்.

ஒரு வாரம் கழித்து செக்ரட்டரி புளோ ரூம் வாசலுக்கு வந்தார். உள்ளே வரமாட்டார், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வாசலிலிருந்தே கூப்பிட்டார். கையில் ஒரு காகிதம். மூன்று விஷயம் எழுதியிருந்தது. ரைட் பேக் ஆட்டத்துக்கு முந்தின நாள் குடிக்கிறார். சக ஆட்டக்காரர்களைக் கெட்ட வார்த்தை சொல்லி ஏசுகிறார். செக்ரட்டரி சொல்வதைக் கேட்பதில்லை. அண்ணாச்சி வாயில் ஒரு சொட்டுக் கள் பட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் ஏலே என்று கூப்பிடுவார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு நீ படிக்க வேண்டாம்” என்றார் செக்ரட்டரி. “எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீயும் போடு. ஒனக்கு இருமல்னு மேனேஜர் கேள்விப்பட்டாராம். ஸ்டோர்ல ஒரு எடம் காலியாகப் போகுது.”

நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

அண்ணாச்சிக்கு டீமிலும் இடம் போயிற்று, கேட்டிலும் வேலை போயிற்று, மில் லைன் அறையும் போயிற்று. மட்டைக்காரனுக்கு எல்லாம் ஒரே முடிச்சு. டீம் சட்டையைத் துவைத்து மடித்து, மட்டையோடு ஆபீசுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அப்போது அங்கே நின்றேன். மேஜை மேல் வைக்கப் போனவரிடம் செக்ரட்டரி, “மேஜ மேல வேண்டாம், கீழ வையி” என்றார். குனிய முடியாத காலோடு குனிந்து கீழே வைத்தார். அவர் மனைவி கேட்டுக்கு வெளியே மாட்டுவண்டிப் பக்கத்தில் பாத்திர மூட்டையோடு நின்றாள். பெண் பிள்ளை வண்டிக்குள்ளே இருந்தது. வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரஸ்தாவில் போயிற்று.

அடுத்த ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே. வந்தவர்கள் அப்படியொன்றும் பெரிய டீம் இல்லை. முந்தின வருஷம் எங்களிடம் நாலு கோல் வாங்கிக்கொண்டு போனவர்கள். ரைட் பேக்கில் மச்சினன்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் என்னமோ குறைகிறது என்று பட்டது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. மைதானம் அமைதியாக இருந்தது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. இடது பக்கம் ஆள் வருகிறானா, முன்னால் போகலாமா, நான் வெளியே வரலாமா என்று சொல்லக் குரல் இல்லை. நானாக ஒரு தடவை வெளியே ஓடினேன். என் தலைக்குப் பின்னால் பந்து உருண்டு கோலுக்குள் போயிற்று. அடுத்த தடவை உள்ளேயே நின்றேன். பக்கத்தில் வந்து நிதானமாக அடித்தான். மச்சினன் பந்தைத் தேடி நடுக்கோடு வரை ஓடுவான். ஓங்கி அடித்துக் கைதட்டல் வாங்குவான். திரும்பி வருவதற்குள் அவன் விட்ட இடத்தில் மூன்று பேர் வந்து நிற்பார்கள். லெஃப்ட் பேக் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் முழித்தான். இரண்டு கோல் விழுந்ததும் ஹாஃப்கள் பயந்து பின்னால் வந்தார்கள். ஹாஃப்கள் வந்ததால் ஃபார்வர்டுகளுக்குப் பந்து போகவில்லை. அவர்கள் அங்கே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு எங்களை ஏசினார்கள். முன்பெல்லாம் எங்கள் ஃபார்வர்டுகள் திரும்பிப் பார்க்காமல் ஓடியதைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். திரும்பிப் பார்க்காமல் ஓட முடிந்தது யாரால் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஏழு கோல். ஏழாவது கோலுக்கு நான் கால் எடுத்துக்கூட வைக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மச்சினன் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, “கோலியா இது? வெறுங் கம்ப நட்டு வச்சாக்கூட ரெண்டு பந்து பட்டுத் தெறிச்சிருக்கும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதமே ஒருவரையொருவர் தின்ன ஆரம்பித்தோம். யார் யாரைப் பற்றி மேனேஜரிடம் போய்ச் சொன்னது என்று சண்டை. ஒருவன் மட்டையை ஒருவன் ஒளித்துவைத்தான். சென்டர் ஃபார்வர்டும் லெஃப்ட் பேக்கும் பயிற்சியின்போது கட்டிப் புரண்டார்கள். தோற்றுவிட்டு வரும்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது ஒருவன், “அந்த ஆளு கண்ணு பட்டுப்போச்சு” என்பான். அவரைத் துரத்திய நாங்களே அவர் எங்களுக்குச் செய்வினை வைத்துவிட்டதாகவும் பேசினோம். அதையும் நான் தலையாட்டிக் கேட்டேன்.

மறு வருஷம் அதே ஷீல்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அவர்கள் டீமில் ரைட் பேக்காக அண்ணாச்சி நின்றார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. நடையில் நொண்டல். அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடிக்கு மேல் நகர்ந்ததாக நினைவில்லை. ஆனால் அந்த வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் போன வருஷம் ஆடிய ஆட்டம் வேறு, இந்த வருஷம் வேறு. “சார், எடதுல ஆளு வாராரு... விடுங்க, விடுங்க, அவரு அடிக்கமாட்டாரு” என்று அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்களுக்கு ஏலே, அவர்களுக்கு சார். அந்த ஊர்க்காரர்கள் அவரை எங்கே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் மட்டும் யோக்கியமாக இருந்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மூன்று கோல் வாங்கித் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து அவர் பள்ளிக்கூடக் கிணற்றடியில் முழங்கால் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்காத நேரம் பார்த்து நான் போனேன்.

“அண்ணாச்சி.”

“என்னலே.”

“அந்தக் காயிதத்துல நானும் கையெழுத்துப் போட்டேன். தப்புதான். மன்னிச்சுக்கிடுங்க.”

அவர் துணியைப் பிழிந்து உதறினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“நீ போட்டது தெரியும். காயிதத்த எங்கிட்ட காமிச்சுத்தான் அனுப்புனாவ. அது கெடக்கட்டும். அன்னைக்குப் பந்தியில எம்புட்டுப் பேரு முன்னால எந்திரிச்சே?”

நான் எங்கள் ஆட்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“இப்பம் யாரு முன்னால கேக்கே? இங்க யாருமே இல்லயே. அவுக எல்லாரும் அந்தா நிக்காக. அங்க வந்து நின்னு கேளு, நான் வாரேன். கெணத்தடியில எனக்கு மட்டும் கேக்க மாதிரி சொன்னா ஒனக்கு வேணா மனசு லேசாகும். எனக்கு என்ன?”

எங்கள் ஆட்கள் ஐம்பது அடி தூரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். மச்சினன் ஏதோ சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி என் கூட நடக்கத் தயாராக மட்டையை ஊன்றி நின்றார். நான், “பஸ்ஸு வந்துருச்சு” என்றேன். பஸ் வரவில்லை. அவருக்கும் அது தெரியும். வேகமாக நடந்து போய் மற்றவர்களோடு நின்றுகொண்டேன். “எங்கலே போன?” என்று கேட்டார்கள். “ஒண்ணுக்கு” என்றேன்.

அந்த மழைக்காலத்தோடு மில்லில் டீமைக் கலைத்தார்கள். மச்சினனுக்கு ஆபீசில் வேலை. எங்களில் நாலு பேரை வெளியே அனுப்பினார்கள், மற்றவர்களை முழுநேரம் மெஷினில் போட்டார்கள். எனக்கு ஸ்டோர் கிடைத்தது. தூசியில்லாத இடம், இருமல் நின்றது. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற மனுஷர்கள் அவர்கள்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் சாயங்கால வண்டிக்காக நின்றேன். எதிர்ப்பக்கம் வந்து நின்ற வண்டியிலிருந்து அண்ணாச்சி இறங்கினார். தலை நரைத்துவிட்டது. கூடவே பத்துப் பன்னிரண்டு பள்ளிக்கூடப் பையன்கள், கையில் ஹாக்கி மட்டைகளோடு. அவர் ஒவ்வொருவனாக எண்ணிக்கொண்டிருந்தார். பிளாட்பாரத்தில் வெற்றிலைக் கூடைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் அவற்றுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பையன்கள் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். அவர் குரல் கடைசியாக வந்தது. “ஏலே, தள்ளி வாங்க, அங்க ஆளு நிக்கி” என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, வெறுமனே சொன்னாரா தெரியாது. அவர்கள் வெளியே போய், குதிரை வண்டிக்காரனோடு பேசி முடிக்கிற சத்தம் ஓய்கிறவரை நான் அந்த ஈர வெற்றிலை வாடையில் நின்றேன். பிறகு என் வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தேன்.